சிம்ஃபனிக்கு முன்னாடி வந்ததெல்லாம் வேஸ்டா? ஒரு கேஸில்வேனியா த்ரெட்

1/
“கேஸில்வேனியா ஆடணுமா? நேரா சிம்ஃபனி ஆஃப் தி நைட்ல ஆரம்பி. அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் பழைய காலத்துக் கொடுமை. தொட்டுடாத.”

வீடியோ கேம் ஆடுற யார்கிட்ட கேட்டாலும் இதே பதில்தான் வரும். போன வாரம் நைட் டூட்டில ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தர் என்கிட்ட கேட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்தவர் இதைச் சொல்லிட்டார்.

இது தப்பான அறிவுரை. எவ்வளவு தப்புன்னு சொல்லத்தான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

2/
டெங்கு, சுகர், பிபி பத்தி எதிர்பார்த்து வந்தவங்க இன்னிக்கு ஒரு நாள் மன்னிச்சிடுங்க.

கேமே தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1986-ல ஜப்பானின் கொனாமி நிறுவனம் தொடங்கிய வரிசை இது. ட்ராகுலா திரும்பத் திரும்ப உயிரோட எழுந்து வருவான். பெல்மாண்ட் குடும்பத்துல ஒருத்தர் தலைமுறை தலைமுறையா சாட்டையை எடுத்துக்கிட்டு அவன் கோட்டைக்குள்ள போவாங்க. எலும்புக்கூடு, வௌவால், ஓநாய் மனிதன், கடைசியில ட்ராகுலா. கதை அவ்வளவுதான்.

3/
இந்த வரிசையை ரெண்டு பாதியா பிரிக்கலாம்.

முதல் பாதி கட்டம் கட்டமா போகிற ஆக்‌ஷன் கேம். ஒரு கட்டத்தைத் தாண்டினா அடுத்தது.

ரெண்டாம் பாதி 1997-ல சிம்ஃபனியோட வந்தது. முழுக் கோட்டையும் ஒரே வரைபடம். சுத்தித் திரிஞ்சு, ஆயுதம் சேர்த்து, லெவல் ஏறி ஆடணும்.

என் வாதம் சின்னதுதான். முதல் பாதியில வளர்றது ஆடுறவரோட கை. ரெண்டாம் பாதியில பெரும்பாலும் வளர்றது திரையில இருக்கிற நம்பர். இந்த வித்தியாசத்தை மறைச்சுட்டு “பழசு வேஸ்ட்”னு சொல்றது நியாயமில்லை.

4/
முதல்ல ஒரு ஒப்புதல். பல வருஷம் நானும் சிம்ஃபனி கட்சிதான். அயாமி கோஜிமாவோட ஓவியம், மிச்சிரு யமானேவோட இசை, அலுகார்டு நடக்கும்போது பின்னால அலையுற அந்த அங்கி... காதல்தான்.

பழையதை நானும் பத்து நிமிஷம் ஆடிட்டு மூடி வெச்சவன்தான். 2019-ல பழைய கேம்களை ஒரு தொகுப்பா விட்டாங்க. லீவு நாள்ல ஒருமுறை உட்கார்ந்து 1986 கேமை விடாம முடிச்சேன். அதுக்கப்புறம்தான் இவ்வளவு நாள் என்ன உளறிட்டிருந்தேன்னு புரிஞ்சுது.

5/
பழைய கேமைத் திட்டுறவங்க முதல்ல சொல்றது: “குதிச்சா நடு வானத்துல திரும்பவே முடியல.”

ஆமா, முடியாது. சைமன் பெல்மாண்ட் தரையை விட்டு எழும்பிட்டா, எங்க இறங்கணுமோ அங்கதான் இறங்குவான். சாட்டையை வீசினாலும் அது நீள ஒரு நொடித் துளி ஆகும். அடி வாங்கினா பின்னால தூக்கி எறியப்படுவான், பின்னால பள்ளம் இருந்தா கதை முடிஞ்சுது.

இதைக் குறைன்னு நினைக்கிறாங்க. இது அந்த கேமோட இலக்கணம். குதிக்கிறதுக்கு முன்னாடி யோசி. குதிச்ச பிறகு யோசிச்சுப் பிரயோஜனம் இல்லை.

6/
அந்த இலக்கணத்துக்கு ஏத்த மாதிரிதான் ஒவ்வொரு எதிரியையும் வெச்சிருக்காங்க.

மெடூசா தலை தெரியுமா? பாம்பு மாதிரி மேலயும் கீழயும் நெளிஞ்சுக்கிட்டே குறுக்கப் பறந்து வரும். ஒரு அடி பட்டா செத்துடும். ஆனா உங்க குதியையும் சாட்டையையும் அதோட நெளிவுக்குள்ள பொருத்தணும்.

15-ஆவது கட்டத்துல கோடரி வீசுற கவச வீரனுங்க நிக்கிற ஒரு நீண்ட நடைபாதை. மேல கோடரி, கீழ கோடரி, நடுவுல மெடூசா தலை. அதைத் தாண்டினா காலதேவன் மாதிரி அரிவாளோட மரணமே வந்து நிக்கும். அந்த நடைபாதையில நான் எத்தனை தடவை செத்தேன்னு எண்ணவே இல்லை.

7/
ஆனா கவனிங்க. அங்க நான் செத்த ஒவ்வொரு தடவையும் என்ன தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரிஞ்சுது. அவசரப்பட்டுக் குதிச்சேன். கோடரி திரும்பி வரும்னு மறந்தேன். இருபதாவது தடவை தாண்டினப்போ சைமனுக்கு எந்தச் சக்தியும் கூடலை. அதே சைமன், அதே சாட்டை. மாறினது என் கை மட்டும்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ கேனுலா போடக் கத்துக்கிட்டதும் இப்படித்தான். முதல்ல நரம்பு கிடைக்காது, கை நடுங்கும். யாரோ வந்து “உன் திறமை இன்னிக்கு 5 புள்ளி ஏறிடுச்சு”ன்னு சொல்றதில்லை. ஒருநாள் கை தானா போகும்.

8/
“பழைய கேம்லயும் குறுக்கு வழி இருக்கே, புனித நீர் பாட்டில்?”

நல்ல கேள்வி. உண்மைதான். புனித நீரை எறிஞ்சா எதிரி அப்படியே உறைஞ்சு நிப்பான். பெரிய வில்லன்களையே அதை வெச்சு அசையவிடாம முடிச்சிடலாம், மரணம் உட்பட.

ஆனா அந்தப் பாட்டிலை அந்த அறை வரைக்கும் கொண்டு போகணும். வழியில செத்தா அது போயிடும். தெரியாம வேற ஆயுதத்தை எடுத்துட்டாலும் போயிடும். அதாவது குறுக்கு வழிக்கும் ஒரு விலை இருக்கு, அந்த விலையையும் உங்க கைதான் கொடுக்கணும்.

9/
பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரலை. 1987-ல வந்த ரெண்டாம் பாகம் சைமன்ஸ் குவெஸ்ட் எனக்கும் ஆகாது. ஊர்க்காரங்க பாதிப் பேர் பொய் சொல்லுவாங்க, மொழிபெயர்ப்பு அதை இன்னும் குழப்பும். ஒரு பாறை முன்னாடி சிவப்புப் படிகத்தைக் கையில வெச்சுக்கிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தா சூறாவளி வந்து தூக்கிட்டுப் போகும். இதை யாரும் சொல்லித்தராம எவன் கண்டுபிடிப்பான்?

சுத்தித் திரியுறது, அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறுறது எல்லாம் இதுலயே இருக்கு. சிம்ஃபனிக்குப் பத்து வருஷம் முன்னாடி. அதைச் சிம்ஃபனிதான் முதன்முதலா கொண்டு வந்துச்சுன்னு சொல்றவங்க கவனத்துக்கு.

10/
மூணாம் பாகம் (ஜப்பான்ல 1989) வேற ரகம். பாதை பிரியும். கூட ஒரு துணையைச் சேர்த்துக்கலாம்: சுவர் ஏறுற கிராண்ட், மந்திரக்காரி சைஃபா, அல்லது அலுகார்டு. ஒரே நேரத்துல ஒருத்தர்தான்.

இதைக் “கொடூரம்”னு சொல்றவங்க பெரும்பாலும் ஆடினது அமெரிக்கப் பதிப்பு. ஜப்பான் பதிப்புல எதிரியைப் பொறுத்து அடியோட அளவு மாறும். அமெரிக்கப் பதிப்புல கட்டம் ஏற ஏற எந்த எதிரி தொட்டாலும் பெரிய அடி. இசைக்குன்னு ஜப்பான் கேசட்டுல இருந்த தனி சிப்பும் அங்க போகலை. கெட்டுப்போன பதிப்பை ஆடிட்டு மூலத்தைத் திட்டக் கூடாது.

11/
1991-ல சூப்பர் கேஸில்வேனியா 4. எல்லாருக்கும் பிடிச்ச பழைய பாகம். காரணம், சைமன் இதுல எட்டுத் திசையிலயும் சாட்டை வீசுவான், நடு வானத்துல கொஞ்சம் திரும்புவான்.

எனக்கு இங்கதான் முதல் சறுக்கல். சாட்டை எல்லாப் பக்கமும் போகுதுன்னா மேல எறியுற கோடரி எதுக்கு? கீழ எறியுற புனித நீர் எதுக்கு? முன்னாடி ஒவ்வொரு ஆயுதமும் சாட்டையோட ஒரு குறையை ஈடுகட்டிச்சு. குறையை எடுத்ததும் ஆயுதமெல்லாம் அலங்காரம் ஆயிடுச்சு. அழகான கேம், இசை அபாரம். ஆனா கை தளர ஆரம்பிச்சது இங்கதான்.

12/
அந்தத் தளர்ச்சியைச் சரி பண்ணினது 1993-ல வந்த ரோண்டோ ஆஃப் பிளட். என்னைக் கேட்டா முழு வரிசையோட உச்சம் இதுதான்.

பழைய குதி திரும்ப வந்துச்சு, கூடவே பின்பக்கமா அடிக்கிற ஒரு குட்டிக்கரணம். கையில இருக்கிற இதயங்கள்ல ஒரு பங்கைச் செலவழிச்சு ஆயுதத்தைப் பெருவெடியா மாத்தலாம். எப்போ செலவழிக்கணும்ங்கிறது உங்க கணக்கு. கட்டங்களுக்குள்ள ரகசியப் பாதைகள், கடத்தப்பட்ட பெண்களை மீட்கிற வேலை. மரியாங்கிற சின்னப் பொண்ணை மீட்டா அவளை வெச்சே ஆடலாம். ரெண்டு தடவை குதிப்பா, புறாவை ஏவுவா. புதுசா வர்றவங்களுக்கு அதுவே எளிய வழி. கஷ்டத்தைக் குறைக்கணும்னா இப்படிக் குறைக்கலாம், கேமையே கரைக்க வேண்டியதில்லை.

13/
அப்போ ஏன் யாரும் ரோண்டோவை முதல்ல சொல்றதில்லை?

பெரும்பாலானவங்க ஆடினதே இல்லை, அதான். பிசி எஞ்சின்ங்கிற கருவியோட சிடில ஜப்பான்ல மட்டும் வந்துச்சு. மத்த நாடுகளுக்கு 1995-ல சூப்பர் நின்டெண்டோவுல போனது ட்ராகுலா எக்ஸ்ங்கிற வேற, வத்தலான கேம். உண்மையான ரோண்டோ வெளிநாட்டுக்கு முறையா போனது 2007-ல, பிஎஸ்பி தொகுப்புக்குள்ள.

அதாவது பதினாலு வருஷம். சிம்ஃபனி தெய்வமாகி, “டாப் டென்” பட்டியல் எல்லாம் எழுதி முடிச்சு, அதையே பார்த்துப் பார்த்து அடுத்தவங்க எழுதின பிறகு. போட்டியாளரே வராத பந்தயத்துல கொடுத்த கோப்பை அது.

14/
இப்போ சிம்ஃபனிக்கு வருவோம். அதோட ஆரம்பக் காட்சி என்ன? ரோண்டோவோட கடைசிச் சண்டை. ரிக்டர் பெல்மாண்ட் ட்ராகுலாவோட மோதுறான், நீங்கதான் ரிக்டர்.

ரோண்டோவுல அந்தச் சண்டையில தோத்தா தோத்ததுதான். சிம்ஃபனில? உங்க உயிர் தீர்ந்துச்சுன்னா மரியா ஓடி வந்து ரிக்டரை யாராலயும் அடிக்க முடியாதவனா மாத்திடுவா. நீங்க தோக்கவே முடியாது.

அதே சண்டை, அதே மேடை, நாலு வருஷ இடைவெளி. ரெண்டு கேமும் ஆடுறவரை எப்படிப் பார்க்குதுன்னு தெரிய இந்த ஒரு காட்சி போதும்.

15/
சிம்ஃபனில நீங்க மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? கத்துக்க மாட்டீங்க. முந்தின அறைக்குப் போய் எலும்புக்கூடுகளை அடிச்சு ரெண்டு லெவல் ஏறிட்டு வருவீங்க. இல்லன்னா புதுக் கவசம் மாட்டுவீங்க. வேலை முடிஞ்சுது.

உச்சக்கட்டம் கிரிசேகிரிம்ங்கிற கத்தி. தலைகீழ்க் கோட்டையோட நூலகத்துல பறக்கிற ஷ்மூங்கிற எதிரி எப்பவாவது போடும். கிடைச்சுட்டா பட்டனை அழுத்திக்கிட்டே நடந்து போகலாம், எதிர்ல வர்றதெல்லாம் கொத்துக்கறி. எதிரி என்ன பண்ணுறான்னு பார்க்கவே தேவையில்லை. அலுகார்டு கேடயமும் ஷீல்டு ராடும் சேர்ந்தாலும் இதே கதைதான்.

16/
இதை எங்க தொழில்ல நல்லாப் பார்க்கிறோம். எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்புற ஆளுங்க இருக்காங்க. மறுநாள் ஜுரம் இருக்காது, உடம்பு லேசா இருக்கும், “கைராசி டாக்டர்”னு பேர் வரும். நோய் உள்ளயே இருக்கும், வெளியில தெரியாது.

லெவல் ஏறுறது அந்த ஊசி மாதிரி. மோசமா வடிவமைச்ச அறை, சும்மா நிக்கிற வில்லன், கவனமில்லாம ஆடுற கை எல்லாத்தையும் ஒரே நம்பர் மறைச்சிடுது. “எவ்வளவு சுகமா இருக்கு!”ன்னு தோணும். சுகமாத்தான் இருக்கும், ஊசி அப்படி.

17/
மறைச்சதுல பெருசு, தலைகீழ்க் கோட்டை. முழுக் கோட்டையும் சுத்தி முடிச்சதும் அதையே கவுத்துப் போட்டு இன்னொரு தடவை ஆடச் சொல்வாங்க. வரைபடம் 200 சதவீதத்தைத் தாண்டும், அதைப் பெருமையா சொல்லுவாங்க.

யோசிச்சுப் பாருங்க. அந்த அறைகளைத் தலைகீழா நடக்குறதுக்காகவா வடிவமைச்சாங்க? படிக்கட்டு கூரையில இருக்கும். நீங்க வௌவாலா மாறிப் பறந்து போவீங்க. முதல் பாதியில இடத்துக்கு இடம் மாறின இசை, இங்க பல இடத்துல ஒரே பாட்டா திரும்பத் திரும்ப ஓடும். முதல் தடவை பார்க்கிறப்போ வாய் பிளந்ததை ஒத்துக்கறேன். அந்த ஆச்சரியம் ஒரு மணி நேரம். மீதி நடை.

18/
“டாக்டர், சிம்ஃபனி சண்டைக்கான கேமே இல்லை. சுத்திப் பார்க்கிறதுதான் அதோட சுகம்.”

இது எதிர்த்தரப்போட வலுவான வாதம், மதிக்கிறேன். பூட்டின கதவை மனசுல குறிச்சு வெச்சு, மூணு மணி நேரம் கழிச்சு மூடுபனியா மாறிக் கம்பிக்கு நடுவுல நுழையுற சந்தோஷம் பழைய கேம்ல கிடையாது.

ஆனா அப்படின்னா “வேற மாதிரி கேம்”னு சொல்லுங்க. “பழசோட திருத்தப்பட்ட வடிவம், அதனால பழசு தேவையில்லை”ன்னு சொல்லாதீங்க. இட்லி நல்லா இருக்குங்கிறதால தோசைக்கல்லைத் தூக்கிப் போடுவாங்களா?

19/
சிம்ஃபனிக்குப் பின்னாடி வந்தவை பெரும்பாலும் அதோட நகல். வேகமா சொல்றேன்.

சர்க்கிள் ஆஃப் தி மூன் (2001): கஷ்டமான வில்லன்கள், எனக்குப் பிடிக்கும். ஆனா விளக்கில்லாத கேம்பாய் அட்வான்ஸ் திரையில எதுவுமே தெரியாது.
ஹார்மனி ஆஃப் டிசொனன்ஸ் (2002): பளிச்சுன்னு தெரியும், இசை காதுல கீறும்.
ஆரியா ஆஃப் சாரோ (2003): நகல்கள்ல சிறந்தது. எதிரிகளோட ஆன்மாவைப் பிடிச்சு சக்தியாக்குற யோசனை அருமை. ஆனா ஆன்மா கிடைக்கிறது அதிர்ஷ்டம், ஒரே அறைக்குள்ள நூறு தடவை போய் வரணும்.
டான் ஆஃப் சாரோ (2005): வில்லனை அடிச்சு முடிச்ச பிறகு தொடுதிரையில கோலம் போடணும். கோணலா போட்டா அவன் எழுந்து வருவான்.

20/
முப்பரிமாணத்துல வந்தவை பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்லை. 1999-ல நின்டெண்டோ 64-ல வந்ததுல கேமராதான் முக்கிய வில்லன். 2010-ல ஸ்பெயின் குழு பண்ணின லார்ட்ஸ் ஆஃப் ஷேடோ பார்க்கப் பிரமாதம், முடிவும் துணிச்சல். ஆனா ஆடும்போது வேற ஏதோ கேமோட சாயல்தான் கையில தெரியும்.

21/
இந்த ரெண்டாம் பாதியில, நோயைக் கண்டுபிடிச்சு மருந்து கொடுத்த கேம் ஒண்ணே ஒண்ணு: 2008-ல வந்த ஆர்டர் ஆஃப் எக்லீசியா.

நாயகி ஷனோவா. லெவல் இருக்கு, வரைபடம் இருக்கு. ஆனா ஒவ்வொரு வீச்சுக்கும் மந்திர சக்தி செலவாகும், நிறுத்தினா உடனே நிரம்பும். பட்டனை அழுத்திக்கிட்டே நடக்க முடியாது. எந்த எதிரிக்கு எந்த ஆயுதம்னு பார்க்கணும். கலங்கரை விளக்கத்துக்குள்ள துரத்தி ஏறி வர்ற ராட்சச நண்டுகிட்ட அவசரப்பட்டா அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது: ஒரு அடி கூட வாங்காம வில்லனை முடிச்சா ஒரு பதக்கம் கொடுப்பாங்க. அதாவது இந்த வில்லனை அடி வாங்காமலே ஜெயிக்க முடியும்னு வடிவமைச்சவங்களே கையெழுத்துப் போட்டுத் தர்றாங்க. ஆரம்ப இடங்கள் நேர்கோட்டு வராந்தா மாதிரி இருக்குங்கிற குறை உண்மை. இருந்தாலும் இந்தப் பாதியோட மகுடம் இதுதான்.

22/
“எங்களுக்கு ஏது நேரம்? வேலை முடிச்சு வந்து ஒரு மணி நேரம் ஆடுறோம். அதுலயும் சாகணுமா?”

நியாயமான கேள்வி, ஷிஃப்ட் பார்க்கிற ஆளுக்கு அது புரியும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 1986 கேம் கை பழகினா ஒரே உட்கார்வுல முடிஞ்சிடும். சிம்ஃபனிக்குப் பல ராத்திரி வேணும். 2019 தொகுப்புல எந்த இடத்துலயும் சேவ் பண்ணலாம், அந்த நடைபாதைக்கு முன்னாடி சேவ் பண்ணிட்டுப் பழகுங்க. யாரும் மார்க் போடப் போறதில்லை.

23/
இன்னொரு சாட்சி. சிம்ஃபனியில முக்கியப் பங்கு வகிச்ச கோஜி இகராஷி, கொனாமியை விட்டு வெளியே வந்து 2015-ல ரசிகர்கள்கிட்ட நிதி திரட்டினார். 55 லட்சம் டாலருக்கு மேல சேர்ந்துச்சு. அதுல வந்த பெரிய கேம் பிளட்ஸ்டெயின்ட், சிம்ஃபனி பாணி.

ஆனா அதுக்கு முன்னாடியே, 2018-ல, அதே திட்டத்துல இருந்து கர்ஸ் ஆஃப் தி மூன்னு ஒரு குட்டி கேம் வந்துச்சு. அச்சு அசல் 8 பிட் பழைய பாணி. அதுல ரெண்டு பிரிவு: ஒண்ணுல பழைய மாதிரி அடி வாங்கினா தூக்கி எறியும். இன்னொண்ணுல எறியாது, உயிரும் தீராது. மேடையும் எதிரியும் ரெண்டுலயும் அதேதான்.

பழைய வடிவம் செத்துப்போன ஒண்ணு இல்லை. அன்போட தொட்டா இன்னிக்கும் நடக்கும். ஆனா “பழசு கொடுமை”னு நாம சொல்லிக்கிட்டே இருந்தா, அடுத்து கேம் பண்ண வர்ற பசங்க நகலெடுக்கிறது சிம்ஃபனியை மட்டும்தான். அதுதான் நடந்துக்கிட்டும் இருக்கு.

24/
அதனால அந்தத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது. எல்லாருக்கும் பொருந்தும்:

முதல்ல 1986 கேம், சேவ் வசதியோட.
அப்புறம் மூணாம் பாகத்தோட ஜப்பான் பதிப்பு.
அடுத்து ரோண்டோ. கஷ்டமா இருந்தா மரியாவை வெச்சு ஆடுங்க, வெட்கமே வேண்டாம்.
அதுக்கப்புறம் சிம்ஃபனி. ரோண்டோ முடிச்ச கையோட அந்த ஆரம்பக் காட்சியைப் பாருங்க, நான் சொன்னது புரியும்.
கடைசியா எக்லீசியா.

25/
நேத்து தம்பிகிட்ட இருந்து மெசேஜ். 15-ஆவது கட்டத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறாராம். “சார், இதுல லெவல் ஏத்திக்க வழியே இல்லையா?”ன்னு கேட்டிருக்கார்.

“இல்லப்பா, கோடரி திரும்பி வரும், அதை மட்டும் பாரு”ன்னு பதில் போட்டிருக்கேன்.

சிம்ஃபனி ரசிகர்கள் கமெண்ட்ல வரிசையா வாங்க. ஒரே நிபந்தனை: ரோண்டோவை முடிச்சவங்க மட்டும் சண்டை போடணும்.